விதை முளைத்துவிடும், பூதான் நிற்காது: சிங்கப்பூரில் குடைமிளகாய்

சிங்கப்பூரில் குடைமிளகாய் விதை முளைக்கவில்லை என்று யாரும் அலுத்துக்கொள்வதில்லை. ஊரே ஒரு முளைப்பெட்டி மாதிரிதான். குளிர்நாடுகளில் விதைத்தட்டுக்கு அடியில் சூடேற்றும் பாய் விரிப்பார்கள். இங்கே சமையலறை ஜன்னல் ஓரமே போதும். அலுப்பு மூன்று மாதம் கழித்துத்தான் வருகிறது. செடி தளதளவென்று தொடை உயரம் நிற்கும், இலையில் ஒரு பொட்டு இருக்காது, கணுவுக்குக் கணு பூவும் வரும். காலையில் கதவைத் திறந்தால் ஏழெட்டுப் பூ காம்போடு தரையில் கிடக்கும். உரம் போதவில்லையோ என்று இன்னொரு கைப்பிடி போடுவோம். மறுநாள் பத்துப் பூ கிடக்கும்.

இதற்குக் காரணம் நம் இரவுகள். குடைமிளகாய்க்குப் பகலில் 21 முதல் 27 டிகிரியும் இரவில் 16 முதல் 20 டிகிரியும் இருந்தால் கொண்டாட்டம். பகல் 32-ஐத் தாண்டி, இரவும் 24-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். கருவுறாத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. நமக்கு மே, ஜூன் மாத இரவுகள் 26 டிகிரியை ஒட்டியே நின்றுவிடுகின்றன. பேரங்காடியில் வாங்கும் குடைமிளகாய் பெரும்பாலும் மலேசியாவின் கேமரன் மலைக் குளிரில் விளைந்திருக்கும், அல்லது நெதர்லாந்தின் கண்ணாடிக் கூடத்தில் விளைந்திருக்கும். அந்தக் கைப்பிடி அளவுக் காயை ஈசூனில் ஐந்தாம் மாடியில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஆனால் ரகத்தையும் மாதத்தையும் சரியாகப் பிடித்தால் இனிப்பு மிளகாய் இங்கேயும் காய்க்கும்.

எந்த ரகம்

காய் எவ்வளவு பெரிதோ, வெப்பத்தில் அது நிற்பது அவ்வளவு கடினம். நான்கு மூலையும் புடைத்த பெரிய காய் ரகங்கள் ஒரு செடியில் மூன்று நான்கு தங்கினாலே நல்ல விளைச்சல், அதுவும் டென்னிஸ் பந்தைவிடச் சிறிதாக, சதை மெலிந்து இருக்கும். 1928-லிருந்து விற்பனையில் இருக்கும் ‘கலிஃபோர்னியா வொண்டர்’ விதைப் பொட்டலம்தான் எல்லாக் கடையிலும் முன்வரிசையில் தொங்குகிறது. முதல் முயற்சிக்கு அதை எடுக்காதீர்கள்.

எடுக்க வேண்டியவை: பெருவிரல் நீளத்தில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பழுக்கும் குட்டிக் குடைமிளகாய், வாழைப்பழ வடிவில் வெளிர்மஞ்சளாக வரும் ‘ஸ்வீட் பனானா’, மெல்லிய தோலுள்ள, வதக்கலுக்கு ஏற்ற ‘கியூபனெல்’, ஜப்பானிய ‘ஷிஷிட்டோ’. ஷிஷிட்டோ மற்ற எல்லாவற்றையும்விட வெயிலைத் தாங்கும். எப்போதாவது ஒரு காய் மட்டும் சுரீரென்று உறைக்கும், குழந்தைகளுக்குக் கொடுக்குமுன் நுனியைக் கடித்துப் பாருங்கள்.

கடையில் வாங்கிய காயிலிருந்தே விதை எடுக்கலாமா? எடுக்கலாம், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால். பச்சைக் குடைமிளகாய் என்பது பழுக்காத காய். அதற்குள் இருக்கும் விதை பெரும்பாலும் முற்றியிருக்காது. முழுக்கச் சிவந்த, அல்லது மஞ்சளாகப் பழுத்த காயிலிருந்து எடுக்க வேண்டும். அடுத்து, கடைக்கு வருபவை பெரும்பாலும் எஃப்1, அதாவது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த முதல் தலைமுறைக் கலப்பின ரகங்கள். அவற்றின் விதை தாயைப் போலவே காய்க்கும் என்ற உறுதி இல்லை. பெரிய காயின் விதையைப் போட்டுப் பார்ப்பதைவிட, பையில் விற்கும் குட்டி ரகத்தின் விதையைப் போடுவது புத்திசாலித்தனம். அதன் பிள்ளைகள் எப்படிப் பிறந்தாலும் பெரும்பாலும் சிறிதாகத்தான் காய்க்கும், ஆகவே ஏதாவது தங்கும்.

மாதக் கணக்கு

நம் ஊரில் பருவமே இல்லை என்பது பேச்சுக்குச் சரி. செடிக்கு அந்தச் சின்ன வித்தியாசமே பெரிது. டிசம்பரும் ஜனவரியும்தான் ஆண்டின் குளிர்ந்த மாதங்கள். சராசரியாக இரவு 24-ஐ ஒட்டி இருக்கும், வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் நாட்களில் 22, 23-க்கும் இறங்கும். பூ அந்த நேரத்தில் விரிய வேண்டும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். விதையிலிருந்து முதல் பூவுக்கு ஏறக்குறைய 75 முதல் 90 நாள். எனவே செப்டம்பர் முதல் பாதியில் விதை, அக்டோபர் பிற்பாதியில் பெரிய தொட்டிக்கு மாற்றம், நவம்பர் கடைசியில் முதல் மொட்டு, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய முக்கியமான பூப்பு. பிப்ரவரியில் மழை விட்டு வெயில் அடிக்கத் தொடங்கும்போது காய்கள் பழுக்க வேண்டிய கட்டத்தில் இருக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பரில் வானம் நாள்கணக்கில் மூடிக்கிடக்கும். வெளிச்சம் குறைந்தாலும் குடைமிளகாய் பூவை உதிர்க்கும். அதனால் டிசம்பரின் பூக்களில் ஒரு பகுதி போனால் பதறவேண்டாம், ஜனவரியின் வெயில் நாட்கள்தான் கைகொடுக்கும். சீனப் புத்தாண்டுக்கு விடுப்பு கிடைத்ததும் விதை வாங்கி வந்து பிப்ரவரியில் விதைப்பவர்கள் மேயில் பூவைப் பார்க்கிறார்கள். ஆண்டிலேயே மோசமான நேரம் அது.

வெயில் எங்கே விழுகிறது

நேரடி வெயில் நாளுக்கு ஆறு மணி நேரம் வேண்டும். நான்குக்குக் குறைந்தால் செடி இருக்கும், காய் இருக்காது. வெளிச்சமாக இருக்கிறது என்பதை நம்பவேண்டாம், கண் ஏமாற்றும். ஒரு வெள்ளைத்தாளைத் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் வைத்து அதன் மேல் கையை நீட்டுங்கள். நிழலின் ஓரம் வெட்டினாற்போல் விழும் நேரம் மட்டும்தான் நேரடி வெயில். நிழல் மங்கலாகப் பரவினால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகள் பலவும் நீளவாட்டில் வடக்கு, தெற்கு பார்த்துத்தான் நிற்கின்றன. நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஏறக்குறைய 1.3 டிகிரி வடக்கில் இருப்பதால், செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் பிற்பகுதிவரை சூரியன் தெற்குப் பக்கமாகவும், மீதி ஆறு மாதம் வடக்குப் பக்கமாகவும் சாய்ந்து போகிறது. நமக்கு வேண்டிய பூப்புக்காலம் முழுக்க வெயில் தெற்கிலிருந்துதான் வரும். தெற்குப் பார்த்த காரிடார் அல்லது ஜன்னல் உள்ளவர்களுக்கு அதிர்ஷ்டம். வடக்குப் பார்த்த வீட்டில் ஜூலையில் வெயில் கொட்டுவதைப் பார்த்துத் தொட்டி வாங்கிவிடாதீர்கள். டிசம்பரில் அங்கே ஒரு கீற்றுகூட விழாது. கிழக்கு நல்லது, காலை வெயில் கிடைத்து மதியம் செடி ஓய்வெடுக்கும். மேற்கு வெயில் தொட்டியையே கொதிக்க வைக்கும். அங்கே கறுப்புத் தொட்டி வேண்டாம். வெள்ளைத் தொட்டி, அல்லது ஒரு தொட்டிக்குள் இன்னொரு தொட்டி.

தெற்குப் பார்த்த காரிடாரிலும் மேல்மாடித் தளம் குடைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். டிசம்பர் நண்பகலில் சூரியன் தரையிலிருந்து 65 டிகிரி உயரத்தில் நிற்பதால் வெயில் விளிம்பிலிருந்து அதிக தூரம் உள்ளே வராது. சுவரை ஒட்டித் தரையில் வைத்த தொட்டிக்குக் கைப்பிடிச் சுவர் அதையும் மறைக்கும். தொட்டியைச் சுவரை ஒட்டி, ஒரு உறுதியான முக்காலியின் மேல் வைத்து, இலைகள் சுவரின் மேல்விளிம்புக்கு மேலே வரும்படி செய்யுங்கள். சுவரின் மேலே எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியை வைக்கக்கூடாது, விழுந்தால் கீழே ஆள் போவார்கள். நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. நகர மன்றத்திடமிருந்து கடிதம் வந்தபிறகு அளப்பதைவிட முதலிலேயே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ஏர்கானின் வெளிப்பெட்டி ஊதும் சூடான காற்றுக்கு எதிரே தொட்டி வேண்டாம். ராத்திரி முழுக்க அதுதான் ஓடும், நாமோ இரவுக் குளிருக்காக மாதக்கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறோம். மாலையில் தொட்டியைத் தூக்கி ஏர்கான் அறைக்குள் வைத்து, காலையில் வெளியே வைப்பவர்களும் உண்டு. 24, 25-இல் ஓடும் அறையில் இதனால் பெரிய லாபம் இல்லை, முதுகுவலிதான் மிச்சம்.

தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் 2.5 மீட்டருக்கு 1 மீட்டர் பாத்தி கிடைத்தவர்களுக்கு வெளிச்சக் கவலை இல்லை, மழைக் கவலை உண்டு. அந்தப் பாத்தியில் 45 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசையாகப் பத்துச் செடி போகும்.

விதையிலிருந்து நாற்று

விதையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்தால் போதும். மிதக்கும் விதையெல்லாம் பொக்கு என்று கொட்டிவிட வேண்டாம், குடைமிளகாய் விதை லேசானது, நல்லதும் மிதக்கும். 5 செ.மீ. அகலக் கோப்பைகளில் கோக்கோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) வெர்மிகுலைட்டும் (ஈரம் காக்கும் லேசான கனிமத் துகள்) சமமாகக் கலந்து நிரப்பி, அரை செ.மீ. ஆழத்தில் கோப்பைக்கு இரண்டு விதை. உரம் எதுவும் வேண்டாம். புதிய விதை 7 முதல் 10 நாளில் தலைகாட்டும், பழையது மூன்று வாரம்வரை இழுக்கும்.

முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நாள் ஜன்னலுக்கு உள்ளே விட்டாலே தண்டு நூலாக நீண்டுவிடும், நீண்டதைத் திரும்பக் குட்டையாக்க முடியாது. வெளிச்சம் இல்லாத வீட்டில் ஓர் எல்இடி வளர்ப்பு விளக்கைத் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நாளுக்கு 14 மணி நேரம் எரிய விடலாம். விதைத்தோல் தொப்பி மாதிரி இலையைக் கவ்விக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் தானே நழுவும். பிய்த்தால் விதையிலையும் சேர்ந்து வரும்.

நாற்று சாவது பெரும்பாலும் ஈரத்தால். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கறுத்து, நூல்போல் ஒடுங்கி, நேற்று நின்ற நாற்று இன்று படுத்திருக்கும். நாற்றழுகல் என்பது இதுதான், வந்த கோப்பையைக் காப்பாற்ற முடியாது. மேலே பிளாஸ்டிக் மூடி வேண்டாம், தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிட்டு இருபது நிமிடத்தில் மிச்சத்தைக் கொட்டுங்கள், சின்ன விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். காற்றில் ஆடிய தண்டுக்கு வலுவும் கூடும்.

இரண்டு மூன்று உண்மை இலை வந்ததும் கோப்பைக்கு ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து வேர் அறுந்துபோகும். அப்போதிலிருந்து வாரம் ஒருமுறை திரவ உரம், பொட்டலத்தில் சொன்ன அளவில் கால்பங்கு. ஆறு இலையில், ஐந்தாறு வாரத்தில், தொட்டிக்குத் தயார். அதற்கு முன் ஒரு வாரம் காலை வெயிலில் நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே போங்கள். விளக்கடியில் வளர்ந்ததை நேராக வெயிலில் வைத்தால் இலை காகிதம்போல் வெளுத்துவிடும்.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு 12 முதல் 15 லிட்டர் தொட்டி, விட்டம் 30 செ.மீ. குட்டி ரகத்துக்கு 10 லிட்டர் தாங்கும். நர்சரிகளில் கட்டிகட்டியாக விற்கும் சுட்ட மண் மலிவு, ஆனால் அதை மட்டும் போட்டால் இரண்டு மாதத் தண்ணீரில் கரைந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சல்லடையில் சலித்து, சுண்டுவிரல் நக அளவுக் கட்டிகளை மட்டும் ஒரு பங்கு. அலசிய கோக்கோபீட் ஒரு பங்கு. நன்றாக மக்கிய உரம் ஒரு பங்கு. மண்ணில் காற்றோட்டம் தரும் வெள்ளைக் கனிமத் துகளான பெர்லைட் அரைப் பங்கு. கோக்கோபீட்டில் உப்பு இருக்கும், ஊறவைத்து இரண்டு முறையாவது பிழிந்து கொட்டுங்கள்.

தக்காளி நாற்றைக் கழுத்துவரை புதைப்போமே, அதை இங்கே செய்யாதீர்கள். மிளகாய்த் தண்டு அவ்வளவு எளிதாக வேர்விடாது, நம் ஈரச்சூட்டில் அழுகத்தான் செய்யும். கோப்பையில் இருந்த மட்டத்திலேயே நட்டு, அன்றே ஒரு மூங்கில் குச்சியையும் ஊன்றிவிடுங்கள். பிறகு குத்தினால் வேரில் குத்தும்.

உரத்தில் ஒரு சூட்சுமம். மெதுவாகக் கரையும் மணி உரத்தின் பொட்டலத்தில் மூன்று நான்கு மாதம் வரும் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கு 21 டிகிரி மண்ணுக்கு. நம் தொட்டி மண் 30-ஐத் தாண்டும், உரம் அதைவிட வேகமாக வெளியேறிவிடும். மூன்று மாதத்துக்கான அளவை ஒரேயடியாகப் போடாமல் பாதி அளவை ஆறு வாரத்துக்கு ஒருமுறை போடுவது நல்லது. பூ தொடங்கும்வரை சமச்சீர் உரம். பூ வந்தபின் பொட்டாசியம் கூடுதலான தக்காளி உரம். தழைச்சத்து அதிகமானால் செடி இலையிலேயே மதிமயங்கிக் கிடக்கும். கோழி எரு உருண்டைகள் நல்ல உரம்தான், ஆனால் காரிடாரில் போட்டால் மறுநாள் அண்டைவீட்டு அக்கா முகத்தைப் பார்க்க முடியாது. மண்ணில் புதைத்துப் போட்டாலும் மூன்று நாள் மணக்கும்.

தண்ணீர்

தொட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றுவதுதான் சரியான முறை. தண்ணீர் ஊற்றிய உடன் எவ்வளவு கனம், காய்ந்தால் எவ்வளவு கனம் என்பது ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். மதியம் இலை தொங்கினால் உடனே ஊற்றாதீர்கள். விரலை 3 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அது வெயில் களைப்பு, மாலையில் நிமிரும்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரில் சொல்லிப் பழக்கம். இங்கே குழாயில் வருவது குளோராமின் கலந்த தண்ணீர், அது ஓர் இரவில் போகாது. அந்த அளவு செடிக்கு எந்தக் கெடுதலும் செய்யாது, நேராகவே ஊற்றலாம். வாளியில் வைத்த தண்ணீரில் கொசுதான் முட்டையிடும். தொட்டித் தட்டில் தேங்குவதும் அப்படியே. தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் வீட்டுச் சோதனைக்கு வந்தால் முதலில் பார்ப்பது தட்டுகளைத்தான். தட்டே இல்லாமல் வைக்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் தினமும் கவிழ்த்துத் துடையுங்கள். மேல்மண் இறுகித் தண்ணீர் நின்றாலும் கொசு வரும், வாரம் ஒருமுறை முள்கரண்டியால் கிளறிவிடுங்கள்.

காயின் அடிப்பாகம் பழுப்பாகி, தோல்போல் குழிந்தால் அது நோயல்ல. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தும் இது வரும். சத்து தண்ணீரோடுதான் பயணம் செய்கிறது. ஒருநாள் காயவிட்டு மறுநாள் முக்கினால் பயணம் தடைப்படும். முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டால் அது கரைந்து வேருக்குப் போவதற்குள் அந்தப் போகமே முடிந்துவிடும். தண்ணீரைச் சீராக்குங்கள், கால்சியம் சேர்ந்த திரவ உரத்தைப் பாதி அளவில் வாரம் ஒருமுறை கொடுங்கள். அதை மற்ற உரத்தோடு ஒரே வாளியில் கலக்கவேண்டாம், அடியில் வெள்ளையாகப் படிந்து இரண்டும் வீணாகும். எப்சம் உப்பு (மக்னீசியம் உப்பு) போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மக்னீசியம் கூடினால் கால்சியம் உள்ளே போவது இன்னும் குறையும்.

பூ

தண்டு முதன்முதலில் இரண்டாகப் பிரியும் கவட்டையில் ஒரு பூ வரும். மனம் வராது, ஆனாலும் கிள்ளிவிடுங்கள். அது காயானால் செடி அதற்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வளர்ச்சியை நிறுத்திவிடும். அதற்குக் கீழே வரும் பக்கத் தளிர்களையும் எடுத்துவிட்டு, கவட்டைக்கு மேலே இரண்டு அல்லது மூன்று கிளையை மட்டும் வளரவிட்டால் காற்று புகும்.

குடைமிளகாய் தன்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பது, தேனீ கட்டாயமில்லை. ஆனால் பூ அசைய வேண்டும், காற்றில்லாத மூலையில் அதுவும் நடக்காது. காலை எட்டிலிருந்து பத்துக்குள், அன்று விரிந்த பூவை உற்றுப் பாருங்கள். நடுவில் ஊதாநிற மகரந்தப் பைகள் பக்கவாட்டில் வெடித்து வெண்மஞ்சள் பொடி தெரியும். அப்போது பூக்காம்பின் பின்னால் விரலால் இரண்டு சுண்டு. பழைய மின்சாரப் பல்துலக்கி இருந்தால் அதன் பின்புறத்தைக் காம்பில் இரண்டு நொடி வைத்தாலும் போதும். பைகள் வெடிக்காமல் வதங்கியிருந்தால் அந்தப் பூ வெப்பத்துக்குப் பலி, சுண்டியும் பயனில்லை.

மூன்று நாள் கழித்துக் காம்பைப் பார்த்தால் விடை தெரியும். காம்பு மஞ்சளாகி, தண்டோடு சேரும் மூட்டில் ஒரு கோடு விழுந்திருந்தால் நாளைக்கு உதிரும். காம்பு பச்சையாகவே தடித்து, இதழ் காய்ந்து நடுவில் மிளகளவு உருண்டை பளபளத்தால் காய் நின்றுவிட்டது. வெயில் கடுமையான நாட்களில் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை நிழல்வலை போடுவதும், தொட்டியின் வெளிப்புறத்தில் வெயில் படாமல் மறைப்பதும் இந்த விகிதத்தைக் கொஞ்சம் கூட்டும்.

பக்கத்துத் தொட்டியில் சில்லி பாடி என்ற குட்டிக் கார மிளகாய் இருந்தால் குடைமிளகாய் உறைக்குமா என்ற கேள்வி எப்போதும் வரும். உறைக்காது. காயின் சதை தாய்ச்செடியுடையது. கலப்பு நடந்திருந்தால் அது விதைக்குள் இருக்கும். அந்த விதையை அடுத்த முறை போட்டால்தான் காரக் காய் வரும்.

கெடுப்பவை

உயர்மாடிச் செடிக்கு முதல் எதிரி கண்ணுக்கே தெரியாது. குருத்து இலைகள் குறுகி, தடித்து, ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு, அடிப்புறம் எண்ணெய் தடவியதுபோல் பழுப்பாக மின்னினால் அது மஞ்சள் சிலந்திப்பேன். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில்கூட உற்றுத் தேட வேண்டும். இதை வைரஸ் என்று நினைத்துச் செடியைத் தூக்கிப்போடுபவர்கள் அதிகம், உரக்குறை என்று நினைத்து உரம் கொட்டுபவர்கள் அதைவிட அதிகம். இலை மேல்நோக்கிப் படகுபோல் சுருண்டு வெள்ளிக்கோடு இருந்தால் அது இலைப்பேன். மேலே சுருண்டால் இலைப்பேன், கீழே சுருண்டால் சிலந்திப்பேன்: இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி மருந்துச் செலவு மிச்சம்.

சிலந்திப்பேனுக்குக் குருத்தைப் பத்து செ.மீ. நறுக்கி, பையில் கட்டி எறிந்துவிட்டு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் இலையின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாக மூன்று முறை. சுருண்ட இலை நிமிராது, அடுத்து வரும் தளிர்தான் பதில் சொல்லும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டும் இந்தப் பேன் செடிக்குச் செடி போகும், ஆகவே வெள்ளை ஈயையும் விடாதீர்கள். இலைப்பேன், அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகக் குலுக்கி, வெயில் சாய்ந்தபின். கந்தகமும் எண்ணெயும் இரண்டு வார இடைவெளிக்குள் ஒன்றின்மேல் ஒன்று பட்டால் இலை கருகும். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதும் அசுவினிக்கு நல்ல வைத்தியம்தான், கீழ்வீட்டு மூங்கில் கழியில் துணி காயவில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு அடியுங்கள்.

தரைத் தோட்டத்தில் பழ ஈ உண்டு. காய் பெருவிரல் அளவானதும் மெல்லிய வலைப்பை போட்டு முடிச்சிட்டால் போதும், மைனாவும் கொத்தாது.

எதற்கும் மருந்தில்லாத ஒன்று, பாக்டீரியா வாடல். நேற்றுவரை நன்றாக இருந்த செடி பச்சையாகவே தொங்கும். மண் ஈரமாக இருக்கும், மறுநாள் காலையிலும் நிமிராது. தண்டின் அடியில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் தண்ணீரில் முங்கும்படி பிடியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெள்ளை இழை ஒன்று மெதுவாகக் கீழே இறங்கினால் அதுவேதான். செடியையும் மண்ணையும் பையில் கட்டி எறியுங்கள், உரக்குழியில் போடவேண்டாம். தொட்டியையும் கத்தரியையும் பிளீச் கலந்த தண்ணீரில் கழுவுங்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்திரிக்காய்கூட வைக்கக்கூடாது, எல்லாம் ஒரே குடும்பம். மண்ணில் ஓடும் மழைத்தண்ணீரோடு இது பரவும் என்பதால்தான் தரைத் தோட்டக்காரர்கள் டிசம்பரில் மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கூரை போடுகிறார்கள். கூரைக்கு அடியில் இருக்கும் காரிடார் செடி இந்த ஒரு விஷயத்தில் கொடுத்துவைத்தது. புகைபிடிப்பவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடக்கூடாது. புகையிலையின் தேமல் வைரஸ் மிளகாய்க்கும் வரும்.

பறிப்பதும் அதற்குப் பிறகும்

காய் நின்றதிலிருந்து 35 முதல் 45 நாளில் பச்சையாகப் பறிக்கும் அளவுக்கு வரும், நிறம் மாற இன்னும் இரண்டு மூன்று வாரம். இனிப்பு அந்தக் கடைசி வாரங்களில்தான் ஏறுகிறது. முதல் இரண்டு காயைப் பச்சையாகவே பறித்துவிடுங்கள், மேலே புதுப் பூ நிற்கும். பாதி நிறம் வந்த காயை வீட்டுக்குள் வைத்தாலும் மீதி பழுக்கும். பறிக்கும்போது இழுத்தால் கிளையே ஒடிந்து கையோடு வரும், கத்தரியால் காம்பை வெட்டுங்கள்.

விதைக்கு விடும் காயை முழுக்கப் பழுத்துச் சற்றுச் சுருங்கும்வரை செடியிலேயே விடுங்கள். விதையை நிழலில், விசிறிக் காற்றில் ஒரு வாரம் உலர்த்துங்கள். மடித்தால் வளையாமல் ஒடிய வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் காகித உறையில் மேசை மேல் வைத்த விதை அடுத்த ஆண்டு பாதிகூட முளைக்காது. இறுக்கமான சின்னப் பாட்டிலில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும்.

ஏப்ரலில் பூ மறுபடி உதிரத் தொடங்கும்போது செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. இந்த ஊரில் குடைமிளகாய் ஒரே போகத்தில் சாகாத செடி, இரண்டு ஆண்டு தாங்கும். கவட்டைக்கு மேலே ஒரு சாண் விட்டு எல்லாக் கிளையையும் வெட்டி, மேல்மண்ணில் நான்கு விரற்கடை எடுத்துவிட்டுப் புது உரமண் போட்டு, மே முதல் அக்டோபர்வரை வரும் மொட்டையெல்லாம் கிள்ளிக்கொண்டே இருங்கள். நவம்பரில் கையை எடுத்துவிடுங்கள்.